முறைப்பாடா, சேஃப்கார்டிங்கா? பராமரிப்பு இல்லங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. பராமரிப்பு இல்லத்திலோ வீட்டிலோ பிறர் கையை நம்பி வாழும் ஒருவருக்குத் தீங்கு நேர்வதாகச் சந்தேகம் எழுந்தால் யாரிடம் போவது என்பதே அது. துன்புறுத்தலிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் அத்தகையவரைக் காக்கும் ஏற்பாட்டையே சேஃப்கார்டிங் என்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்தின் சட்டத்தை மட்டுமே தழுவியவை. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 84 வயது, டிமென்ஷியா நோயாளி. ஏழு மாதங்களாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இடுப்பில் ஆழமான படுக்கைப்புண் வந்துள்ளது. உடலும் மிகவும் மெலிந்துவிட்டது. 'இந்த வயதில் இப்படித்தான்' என்கிறார் முகாமையாளர். முறைப்பாடு எழுதிக் கொடுத்து ஆறு வாரங்களாகியும் பதில் இல்லை.

பதில்: முறைப்பாடு என்பது நடந்து முடிந்ததற்கு விளக்கமும் பரிகாரமும் கேட்பது. அதற்கு இல்லமே, தனக்கு வசதியான வேகத்தில், பதில் சொல்லும். உங்கள் தாயார் இன்றிரவு பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதுதான் அவசரமான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடம் இல்லம் அமைந்துள்ள பகுதியின் கவுன்சில். 'முதியவர் ஒருவர் புறக்கணிக்கப்படுவதாகச் சந்தேகிக்கிறேன், சேஃப்கார்டிங் அறிவிப்புச் செய்கிறேன்' என்ற சொற்களையே பயன்படுத்தி இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 42ஆம் பிரிவில் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்க வேண்டும். அவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாகிறார் அல்லது உள்ளாகும் ஆபத்தில் இருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தத் தேவைகளின் காரணமாகவே அவரால் தம்மைக் காத்துக்கொள்ள முடியாதிருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். கட்டணத்தை நீங்கள் செலுத்தினாலும் கவுன்சில் செலுத்தினாலும் இந்தக் கடமை மாறாது. நிரூபிப்பது உங்கள் வேலையுமல்ல.

எல்லாப் படுக்கைப்புண்களும் புறக்கணிப்பின் விளைவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உயிர் பிரியும் தறுவாயில் உள்ள ஒருவருக்கு எவ்வளவு கவனித்தாலும் தோல் வெடிக்கலாம். எனவே புண் வந்ததா என்பதைவிட, அதைத் தடுக்க என்ன செய்தார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. அவர் வந்து சேர்ந்தபோது புண் ஏற்படும் அபாயத்தை மதிப்பிட்டார்களா, அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தை எந்தத் திகதியில் வந்தது, எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கத் திட்டமிட்டார்கள், தோல் சிவந்த முதல் நாளில் தாதியையோ குடும்ப வைத்தியரான ஜிபியையோ அழைத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எடைப் பதிவையும் கேளுங்கள். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஒருவர் எதிர்பாராத விதமாகத் தம் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், வழக்கிலுள்ள அளவுகோலின்படி அவர் ஊட்டக்குறைவின் உயர் அபாயத்தில் இருப்பவர். அதைப் பார்த்தும் உணவியல் நிபுணரை அணுகாமல் இருந்ததற்கு வயது ஒரு விளக்கமாகாது. புரட்டிப் படுக்கவைத்த அட்டவணையைக் காட்டும்போது நிதானமாகப் பாருங்கள். இரவு முழுவதும் சரியாக இரண்டு மணிக்கொரு தடவை, ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில், ஒரு பிசகும் இல்லாமல் நிரப்பப்பட்ட தாளைக் கண்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை; உண்மையான இரவுப் பணியில் பத்து நிமிடம் முன்பின் ஆகாமல் இருக்காது.

இல்லத்தில் சேர்ந்த பின் தோல் முழு ஆழத்துக்கும் அழிந்த, மூன்றாம் நிலை அல்லது அதற்கும் மோசமான புண் ஏற்பட்டால், அதை இல்லம், பராமரிப்பு இடங்களைப் பரிசோதிக்கும் சிக்யூசி எனப்படும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். அறிவித்தீர்களா என்று கேளுங்கள். கவுன்சில் சில வேளைகளில் விசாரணையை அந்த இல்லத்திடமே ஒப்படைப்பதுண்டு. சட்டம் அதை அனுமதிக்கிறது. பொறுப்பு மட்டும் கவுன்சிலிடமே தங்கும். முகாமையாளரின் முடிவுகளே கேள்விக்குள்ளாகியிருக்கும்போது அதே முகாமையாளர் விசாரிப்பது முறையல்ல என்று தொடக்கத்திலேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

கேள்வி: அறையில் இரகசியமாகக் கமெரா வைக்கலாமா?

பதில்: அந்த அறை உங்கள் உறவினரின் வீடு. அவரால் முடிவெடுக்க இயலுமாயின் அவருடைய சம்மதம் வேண்டும். இயலாதாயின் அது அவருடைய நலனுக்கு உகந்ததுதானா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உடை மாற்றுவதும் கழுவுவதும் அதே அறையில்தான் நடக்கின்றன என்பதை மறவாதீர்கள். குற்றம் நடப்பதாகச் சந்தேகித்தால் கமெராவுக்கு முன்னர் பொலிஸ்.

கேள்வி: அப்பாவுக்கு இருந்த ஆங்கிலம் டிமென்ஷியா வந்த பின் முற்றாகப் போய்விட்டது, தமிழில்தான் பேசுகிறார். 'முரட்டுத்தனம் செய்கிறார்' என்று சொல்லி மயக்கும் மருந்தை உணவில் கலந்து கொடுப்பதாக ஒரு பணியாளர் மூலம் அறிந்தேன். கதவும் பூட்டியே இருக்கிறது.

பதில்: பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவதும் தாய்மொழி எஞ்சுவதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுவதே. கழிவறைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் நாலு முறை தமிழில் சொல்லியும் எவருக்கும் புரியாமல், ஐந்தாம் முறை அவர் கையை உதறினால், பதிவேட்டில் 'முரட்டுத்தனம்' என்றுதான் ஏறும். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்க உதவும் நடைமுறைச் சாத்தியமான எல்லா வழிகளையும் முயன்று பாராமல் அவரை முடிவெடுக்க இயலாதவராக நடத்தக்கூடாது என்று தன் முதற்பிரிவிலேயே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் அத்தகைய ஒரு வழி. எந்த மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு அப்பாவை மதிப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

மருந்தை மறைத்துக் கொடுப்பது சில சூழ்நிலைகளில் அனுமதிக்கப்படலாம். ஆனால் அது தனியொரு பணியாளரின் முடிவாக இருக்கக்கூடாது. அவருக்கு அதை மறுக்கும் மனத்திறன் இல்லை என்ற மதிப்பீடும், மருந்தை எழுதிக் கொடுத்தவர், மருந்தாளர், குடும்பத்தினர் ஆகியோருடன் கலந்தெடுத்த முடிவும், மறுபரிசீலனைத் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும். பூட்டிய கதவைப் பொறுத்தவரை, 2009 முதல் நடைமுறையில் உள்ள டொல்ஸ் எனப்படும் சுதந்திரப் பறிப்புப் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, சுதந்திரத்தைப் பறிக்கும் அளவுக்கான கட்டுப்பாட்டுக்குக் கவுன்சிலின் அனுமதி தேவை. அனுமதி கிடைத்திருந்தால் அப்பாவுக்கென ஒரு பிரதிநிதி நியமிக்கப்பட்டிருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம். அந்த அனுமதியை, முடிவெடுக்க இயலாதோரின் விடயங்களைத் தீர்மானிக்கும் பாதுகாப்பு நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட, வருமானத்தைப் பாராத சட்ட உதவி கிடைக்கும். இதை அறியாமலே பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன.

கேள்வி: அம்மா அண்ணாவுடன் இருக்கிறார். அம்மாவின் பணவிடயங்களை அவர் சார்பில் கவனிக்கும் அதிகாரப் பத்திரமான எல்பிஏ அண்ணாவிடம் உண்டு. அம்மாவின் சேமிப்பு கரைகிறது. அவருக்கு ஒழுங்கான சாப்பாடுகூட இல்லை. குடும்ப விடயத்தை வெளியே கொண்டுபோவதா?

பதில்: மேலே சொன்ன 42ஆம் பிரிவு சொந்த வீட்டுக்கும் பொருந்தும்; பணத்தைச் சுரண்டுவதும் அதில் அடங்கும். எல்பிஏ அம்மாவின் பணத்தை அண்ணாவின் பணமாக்கிவிடாது. அவர் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். பிறந்தநாள், திருமணம் போன்ற வழக்கமான தருணங்களில் அம்மாவின் வசதிக்கு ஏற்ற பரிசுகளுக்கு அப்பால் பொதுவாக எதையும் தமக்கோ பிறருக்கோ எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. இத்தகைய பத்திரங்களை மேற்பார்வையிடும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதினால் அது விசாரித்து, தேவைப்பட்டால் அவரை நீக்குமாறு பாதுகாப்பு நீதிமன்றத்தைக் கோரும். அம்மாவுக்கு இன்னும் மனத்திறன் இருந்தால் அவரே பத்திரத்தை இரத்துச் செய்யலாம்.

கவுன்சில் அதிகாரி வரும்போது அண்ணாவே மொழிபெயர்க்க நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணையில் பங்கேற்கப் பெரிதும் சிரமப்படும் ஒருவருக்கு, அவர் சார்பில் பேசத் தகுந்த வேறொருவர் இல்லையெனில், பராமரிப்புச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி சுயாதீன அட்வகேட் (வழக்கறிஞர் அல்ல, அவர் சார்பில் பேசுபவர்) ஒருவரைக் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். சந்தேகத்துக்கு உள்ளானவர் தகுந்தவர் ஆகமாட்டார். அதே வேளையில், அண்ணா தனியொருவராகக் கவனித்துக் களைத்துப் போனவராகவும் இருக்கலாம்; பராமரிப்போருக்கென உள்ள தேவை மதிப்பீட்டை அவர் கேட்டிருக்கிறாரா? வெளியே தெரியக்கூடாது என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாப்பாடு இல்லாதவர் அம்மா.

கேள்வி: நான் ஸ்பொன்சர் விசாவில் வந்த பராமரிப்புப் பணியாளர். சக பணியாளர் ஒருவர் ஒரு முதியவரை அடித்ததைக் கண்டேன். சொன்னபோது, 'உன் விசா எங்கள் கையில்' என்றார் முகாமையாளர்.

பதில்: விசாவை இரத்துச் செய்யும் அதிகாரம் உள்துறை அமைச்சுக்கே உண்டு. ஆனாலும் அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சு என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்: வேலை போனால் நிறுவனம் அதை அறிவிக்க வேண்டும், பிறகு வேறு ஸ்பொன்சரைத் தேட வழக்கமாக 60 நாட்களே கிடைக்கும். ஆகையால் இந்த வாரமே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கண்டு பேசுங்கள்.

அதற்காகக் காத்திராமல் கவுன்சிலுக்கும் சிக்யூசிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஊதியம் பெறும் பராமரிப்புப் பணியாளர் தம் பொறுப்பில் உள்ளவரைத் துன்புறுத்துவதோ வேண்டுமென்றே புறக்கணிப்பதோ ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பொதுநலன் கருதி உண்மையை வெளிப்படுத்தியதற்காகப் பணிநீக்கம் செய்வதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆனவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. முகாமையாளரிடம் சொன்னதோடு நிற்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வின்டர்போர்ன் வியூ. பிரிஸ்டலுக்கு அருகில் கற்றல் குறைபாடு உள்ளோருக்காக இயங்கிய அந்தத் தனியார் வைத்தியசாலையின் மூத்த தாதி ஒருவர் நிர்வாகத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எழுதியும் எவரும் அசையவில்லை. 2011 மே மாதம் ஒளிபரப்பான பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி இரகசியமாகப் படம்பிடித்த பிறகே கைதுகள் நடந்தன. பதினொரு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், அவர்களில் ஆறு பேர் 2012 ஒக்டோபரில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இடத்தில் சொல்லிப் பதில் வராவிட்டால் அடுத்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதை அந்தத் தாதியின் அனுபவம் காட்டுகிறது.

கண்டதை அன்றே எழுதி வையுங்கள்: திகதி, நேரம், அறை, யார் இருந்தார்கள், கேட்ட சொற்கள் அப்படியே. காயத்தை உங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றுவார்கள்.

கேள்வி: முறைப்பாடு செய்த பின், அம்மாவைப் பார்க்க வரவேண்டாம் என்கிறது இல்லம்.

பதில்: 2024 ஏப்ரல் 6 முதல், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய வருகையாளர்களை அனுமதிக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. முறைப்பாடு செய்ததை எந்த இல்லமும் அத்தகைய சூழ்நிலையாகக் காட்ட முடியாது. காரணத்தை எழுத்தில் தரக் கேட்டு, அதன் பிரதியைச் சிக்யூசிக்கு அனுப்புங்கள். சிக்யூசி தனிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்து வைப்பதில்லை. ஆனால் அடுத்த பரிசோதனையில் எதைப் பார்ப்பது என்பதை இத்தகைய கடிதங்கள் தீர்மானிக்கின்றன. உங்கள் முறைப்பாட்டைத் தீர்ப்பது உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் எனப்படும் சுயாதீன முறைப்பாட்டு விசாரணையாளர். சொந்தப் பணத்தில் இருப்போரும் அங்கு போகலாம், கட்டணம் இல்லை. முதலில் இல்லத்துக்குப் பதிலளிக்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். விடயம் உங்களுக்குத் தெரியவந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.