பேக்டெஸ்டிங் மெதுவாக இருக்கிறது என்பதற்காக பைத்தானை விட்டு சி++ அல்லது ரஸ்டுக்கு மாறலாமா?

நிஃப்டியின் பத்து வருட ஒரு நிமிட டேட்டாவில் வர்த்தக ஸ்ட்ராடஜியை ஓட்டிப் பார்க்க (இதுதான் பேக்டெஸ்டிங்) பைத்தானில் ரொம்ப நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் சி++ அல்லது ரஸ்டில் திரும்ப எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், காலை 9:15 முதல் 3:30 வரை நாளுக்கு 375 கேண்டில் (ஒரு நிமிடத்தின் விலை விவரம் ஒரு கேண்டில்), வருடத்துக்குச் சுமார் 250 வர்த்தக நாள், பத்து வருடத்துக்கு ஒன்பது லட்சத்துச் சொச்சம் வரிசைகள். இன்றைய லேப்டாப்புக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. இதற்கே பல நிமிடம் ஆகிறது என்றால் அநேகமாக நீங்கள் பாண்டாஸில் (டேட்டா அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரி) இட்டர்ரோஸ் போட்டு வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அது ஒவ்வொரு வரிசைக்கும் புதிதாக ஒரு சீரிஸ் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. நேரமெல்லாம் அங்கேதான் போகிறது, உங்கள் ஸ்ட்ராடஜியின் கணக்கில் இல்லை.

"எல்லாவற்றையும் வெக்டரைஸ் பண்ணு" என்று உடனே யாராவது சொல்வார்கள், அதாவது லூப் இல்லாமல் மொத்த வரிசைகளுக்கும் ஒரே அடியாகக் கணக்குப் போடு என்று. மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவருக்கு (இரண்டு சராசரிக் கோடுகள் வெட்டும்போது வாங்குவது, விற்பது) அது சரி. டிரெய்லிங் ஸ்டாப்லாஸ் (விலை ஏற ஏறக் கூடவே ஏறும் நஷ்டத் தடுப்பு விலை) வந்துவிட்டால், இந்த நிமிடம் என்ன செய்வது என்பது கையில் பொசிஷன் இருக்கிறதா, எந்த விலையில் வாங்கினோம், அதன் பிறகு தொட்ட உச்சம் எது என்பதையெல்லாம் பொறுத்தது, அதை லூப் இல்லாமல் எழுதினால் கொஞ்ச நாள் கழித்து எழுதியவருக்கே புரியாது. லூப் இருக்கட்டும். விலைகளை நம்பை (எண் கணக்குக்கான லைப்ரரி) அரேக்களாக மாற்றி, லூப்பைத் தனி ஃபங்ஷனில் வைத்து, மேலே நம்பா என்ற பைத்தான் கம்பைலரின் என்ஜிட் டெக்கரேட்டரைப் போடுங்கள். முதல் முறை கம்பைல் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அப்புறம் மெஷின் கோடாகத்தான் ஓடும். டேட்டாஃபிரேமை அதற்குள் அனுப்ப முடியாது, வெறும் அரேதான் அதற்குப் புரியும். அந்த ஒரு கட்டுப்பாட்டுக்குப் பழகிவிட்டால் வேகத்தில் சி++ பக்கத்தில் போய்விடலாம்.

நூற்றுக்கணக்கான பாராமீட்டர் சேர்க்கைகளை ஓட்டுகிறீர்களா? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் அவை, ஒவ்வொரு கோருக்கும் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிஎஸ்வியைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் பார்க்கே ஃபைலாக (சீக்கிரம் படிக்கக்கூடிய ஃபைல் வடிவம்) வைத்துக்கொள்ளுங்கள். டிக் டேட்டா (ஒவ்வொரு விலை மாற்றமும்), ஆர்டர் புக் (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்), எல்லா ஸ்ட்ரைக்குகளின் ஆப்ஷன் விலை என்று போகிறவர்களுக்கு மட்டும்தான் மொழி மாற்றம் நிஜமாகவே தேவைப்படும்.

அப்படி மாறுவதானால் பழைய பைத்தான் கோடை அழிக்காதீர்கள். அதுதான் சரிபார்க்கும் அளவுகோல். மொத்த லாபம் ஒத்துப்போனால் போதாது, ஒவ்வொரு டிரேடின் நேரமும் விலையும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் முதலில் ஒத்துப்போகாது. போலிஞ்சர் பேண்டையே (சராசரிக்கு மேலும் கீழும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனை வைத்துப் போடும் கோடுகள்) எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு பாண்டாஸ் தானாகவே எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கும், நம்பை கழிக்காது, 20 கேண்டில் பேண்டில் இதனால் வரும் அகல வித்தியாசம் சுமார் 2.6 சதவீதம். பாண்டாஸின் எக்ஸ்போனென்ஷியல் ஆவரேஜும் அட்ஜஸ்ட் என்ற செட்டிங்கை அணைக்காவிட்டால் ஆரம்ப கேண்டில்களில் வேறு எண் தரும். ஒரே ஒரு என்ட்ரி ஒரு நிமிடம் தள்ளிப்போனால் போதும், அதற்குப் பின்னால் வரும் டிரேடுகளும் மாறிவிடும்.

சி++ பக்கம் போகிறவர்கள் வேகத்துக்காக ஒரு நாளுக்கு 375 இடம் என்று நிலையாக ஒதுக்கிவிடுவார்கள். எல்லா நாளும் அப்படி இருக்காது. தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான். 2020 மார்ச் 23 அன்று 10 சதவீதச் சர்க்கியூட் (வீழ்ச்சியில் வர்த்தகத்தை நிறுத்தும் வரம்பு) தொட்டு நடுவில் வர்த்தகம் நின்றது. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இயில் தொழில்நுட்பக் கோளாறு, பகலில் நின்ற சந்தை மாலை 3:45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. "3:15க்கு எல்லாவற்றையும் மூடு" என்று எழுதிய கோடு அன்றைக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, எந்த மொழியும் செலவுக் கணக்கைத் தானாகப் போடாது. ஆப்ஷன் விற்பனை மீதான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 2024 அக்டோபர் 1 முதல் 0.0625லிருந்து 0.1 சதவீதமானது. நிஃப்டி லாட் (ஒரு ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணிக்கை) அதே வருடத்தில் 50லிருந்து 25, பிறகு 75. இவற்றைத் தேதிவாரி அட்டவணையாக வெளியே வைத்தால் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே எடுத்துப்போகலாம். ஸ்லிப்பேஜைப் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யமாக வைத்துக்கொண்டு ரஸ்டில் ஓட்டுவது, தப்பான விடைக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதுதான்.

இதையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை, எந்த மொழி என்றால், சி++ ஏற்கெனவே தெரிந்தவர் அதிலேயே எழுதலாம். பைத்தான் மட்டும் தெரிந்தவருக்கு நான் ஜூலியாவைச் சொல்வேன், லூப்பை லூப்பாகவே எழுதலாம், வேகமாக ஓடும், முதல் ஓட்டத்தின் காத்திருப்பை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரஸ்டில் கம்பைலரோடு சண்டை போடவே முதல் சில வாரங்கள் போய்விடும், லைவ் ஆர்டர் அனுப்பும் இன்ஜினையும் அதிலேயே எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.