டிராப்ஸுக்குச் சொன்ன 1.5 மில்லி சிரப்புக்குப் பொருந்தாது

குழந்தையின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 1.5 மில்லியே தொடர வேண்டாம். வார்டில் 1.5 மில்லி என்று கொடுத்தது டிராப்ஸ் (சொட்டு மருந்து), கடையில் கிடைத்தது சிரப், அதிலும் அதே அளவு கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்காததற்குப் பெரும்பாலும் இந்த மாற்றம்தான் காரணம்.

பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மி.கி. மருந்து இருக்கும். உங்கள் சிரப் லேபிளில் 5 மில்லிக்கு 120 மி.கி., அதாவது ஒரு மில்லிக்கு 24தான். குழந்தை 10 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் மருத்துவர் கணக்குப் போட்டது 150 மி.கி.யாக இருக்க வேண்டும். இப்போது உள்ளே போவது 36. கால்வாசிகூட இல்லை.

கணக்குப்படி இந்த சிரப்பில் 6.25 மில்லி வரும். ஆனால் என் கணக்கை நம்பி ஊற்றிவிடாதீர்கள். சீட்டையும் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கோ மருந்தாளுநருக்கோ போன் செய்யுங்கள். எடையைச் சொல்லி, எத்தனை மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் அது எத்தனை மில்லி என்று இரண்டையும் கேட்டுச் சீட்டிலேயே எழுதிவையுங்கள். மில்லியை மட்டும் எழுதி அனுப்புவதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

அளக்க வாய்வழி சிரிஞ்சு வாங்குங்கள். கரண்டி வேண்டாம், பழைய டிராப்பரும் வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது இதன் தலைகீழுக்குத்தான். நாளை மறுபடி டிராப்ஸ் வாங்கி அதில் 6 மில்லி கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும், கல்லீரலுக்கு ஆபத்து. அதனால் பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் பாருங்கள். சளி மருந்தும் கொடுக்கிறீர்கள் என்றால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், குழந்தை துவண்டு கிடந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ போன் செய்துகொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.