எஸ்65 எஞ்சினின் ராட் பேரிங்: சோதிப்பதும் மாற்றுவதும் (கேள்வி பதில்)

பிஎம்டபிள்யூ நிறுவனம் 2007 முதல் 2013 வரை தயாரித்த எம்3 கார்களில், அதாவது இ90, இ92, இ93 வகைகளில், இருக்கும் 4.0 லிட்டர் வி8 எஞ்சினின் பெயர் எஸ்65. பிஸ்டனின் அசைவைச் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குக் கடத்தும் அதன் கனெக்டிங் ராடுகள், அந்தத் தண்டைப் பற்றியிருக்கும் இடத்தில் உள்ள பேரிங்குகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இந்த வேலையைப் பலமுறை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2009ஆம் ஆண்டு இ92 வாங்கியிருக்கிறேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேரிங் மாற்றியதற்கான ரசீது இல்லை, சத்தமும் இல்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். எல்லா எஸ்65 எஞ்சின்களும் கெட்டுப்போவதில்லை என்பது உண்மைதான்; இதைவிட அதிக தூரம் சிக்கலின்றி ஓடியவையும் இருக்கின்றன. ஆனால் இந்த பேரிங்குகள் தேயும் காலத்தில் பெரும்பாலும் ஓசையின்றித் தேய்கின்றன. தட்டும் சத்தம் காதில் விழும் நாளில் கிராங்க் ஷாஃப்டில் ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கும். அதன் பிறகு பேசவேண்டியது பேரிங் விலையை அல்ல, எஞ்சின் விலையை. இதற்கென்று நிறுவனம் காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை திறந்து, புதியவற்றைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: இத்தனை பேர் போற்றும் ஓர் எஞ்சினில் இந்தக் குறை ஏன்?

இந்த எஞ்சினின் சிறப்பும் அதன் மேல் விழும் பாரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 420 குதிரைத்திறனை இது நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் தருகிறது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே நகரும் தூரம், 75.2 மில்லிமீட்டர்; ஆகவே அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். சுழற்சி கூடும்போது ராடை இழுக்கும் விசை அதன் வர்க்கமாகக் கூடும். 6,000 சுழற்சியில் இருந்த விசை 8,400இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வி8 என்பதால் ஒவ்வொரு ஜர்னலிலும், அதாவது ராட் பற்றும் கிராங்க் ஷாஃப்டின் உருளைப் பகுதியிலும், இரண்டு ராடுகள் பக்கத்தில் பக்கமாக அமர்கின்றன. பேரிங்கின் அகலமும் அதற்கேற்பக் குறுகிவிடுகிறது.

ஓடும் எஞ்சினில் ஜர்னல் பேரிங்கைத் தொடக்கூடாது. இடையில் உள்ள ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்க வேண்டும். அந்தப் படலத்துக்கு இடம் வேண்டும். ஜர்னலின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவது எஞ்சின் கட்டுபவர்களின் பழைய கணக்கு. எஸ்65 ஜர்னலின் விட்டம் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் என்பதால், அந்தக் கணக்கின்படி 0.05 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பிரித்து அளந்த பல எஞ்சின்களில் கிடைத்ததோ 0.03ஐ ஒட்டிய அளவு. இவ்வளவு இறுக்கமான இடைவெளிக்கு 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயிலைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அது மெதுவாகத்தான் உள்ளே போகும். எல்லோரும் இதை ஏற்பதில்லை. எஞ்சின் சூடாகும் முன்பே விரட்டுவதுதான் முதல் காரணம் என்பாரும் உண்டு. நான் கழற்றிப் பார்த்த தேய்மானங்கள் இடைவெளியையே முதற்காரணமாகக் காட்டின. குளிர் எஞ்சினை விரட்டுவது அதை விரைவுபடுத்துகிறது.

கேள்வி: ஆயில் பரிசோதனை அறிக்கை நன்றாகவே வந்திருக்கிறது. அதை நம்பி விட்டுவிடலாமா?

அறிக்கையில் ஈயமும் செம்பும் திடீரென ஏறினால் உடனே நம்புங்கள். குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். அந்தப் பரிசோதனை மிக நுண்ணிய துகள்களையே காணும். பெரிய செதில்கள் ஃபில்டரில் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஃபில்டர் தாளை விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பிற்காலத்து எஞ்சின்களில் ஈயமற்ற, வெள்ளீயமும் அலுமினியமும் கலந்த பேரிங்குகள் வந்தன. அவற்றில் ஈயத்தைத் தேடிப் பயனில்லை. அலுமினியமும் தெளிவான தடயம் அல்ல, ஏனென்றால் எஞ்சின் பிளாக்கே அலுமினியம், சிலிக்கான் கலவையால் ஆனது.

கேள்வி: எஞ்சினை வெளியே இறக்கித்தான் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. எஞ்சினை மேலிருந்து தாங்குசட்டத்தில் தொங்கவிட்டு, ஸ்டீயரிங் ராக்கை விடுவித்து, எஞ்சினுக்குக் கீழே உள்ள முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேமை இறக்கினால் ஆயில் பேனைக் கழற்ற வழி கிடைக்கும். அதன்பின் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு ராடாக வேலை செய்யலாம். வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். எஞ்சின் மவுண்டுகள் பழையனவாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கழற்றிய பழைய ஷெல்களில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பேரிங்கும் இரண்டு அரைவட்டப் பாதிகளால் ஆனது; ஒரு பாதியே ஷெல். முதலில், எந்த ஷெல் எந்த ராடுக்கு உரியது, அது மேல்பாதியா கீழ்பாதியா என்று கழற்றிய கணமே பின்புறத்தில் எழுதிவிடுங்கள். எழுதாத 16 ஷெல்கள் வெறும் உலோகத் துண்டுகளே. எழுதியவை அந்த எஞ்சினின் வரலாறு. எரிதலின் அழுத்தத்தை மேல் ஷெல் தாங்குகிறது. வெளியேற்ற ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் பாரம் கீழ்ஷெல்லில் விழுகிறது. எங்கே தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்தே எந்தப் பாரம் படலத்தைக் கிழித்தது என்று ஊகிக்கலாம்.

பழைய வகை ஷெல்லில் மேற்பூச்சு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அது ஒரே சீராக இருந்தால் நல்ல நிலை. நடுவில் பளபளப்பான திட்டு தெரிந்தால் படலம் அவ்வப்போது முறிந்திருக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் மேற்பூச்சு முற்றிலும் போய்விட்டது. சுற்றோட்டமாக நீண்ட கோடுகள் ஆயிலில் வந்த தூசியையோ செதிலையோ குறிக்கும். ஒரே ஒரு ஷெல் மட்டும் மற்றவற்றைவிட மோசமாக இருந்தால், புதியதைப் போட்டுவிட்டு நகராமல் அந்த ராடின் துளையையும் ஜர்னலையும் தனியாக அளந்து பாருங்கள். ஜர்னலில் நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது தடுக்கினால் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வந்தாக வேண்டும். மெருகுத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: வேலையின்போது இரண்டு ராடுகளின் மூடிகள் இடம் மாறிவிட்டன. அளவு ஒன்றுதானே, போட்டு முறுக்கலாமா?

தயவுசெய்து முறுக்காதீர்கள். இந்த ராடுகளை ஒரே துண்டாகக் காய்ச்சி அடித்து உருவாக்கி, பிறகு கீழ்முனையை உடைத்துத்தான் மூடியைப் பிரித்திருக்கிறார்கள். உடைந்த முகத்தின் மேடுபள்ளங்கள் தன் இணையோடு மட்டுமே பொருந்தும். வேறு மூடியை வைத்து முறுக்கினால் அந்த முகங்கள் நசுங்கி, இரண்டு ராடுகளுமே வீணாகும். பொறித்திருக்கும் எண்களை ஒப்பிட்டு மாற்றி வையுங்கள். முறுக்காதவரை சேதமில்லை.

கேள்வி: பழைய ராட் போல்ட்டுகள் நன்றாகத்தான் தெரிகின்றன. திரும்பப் பயன்படுத்தலாமா?

கூடாது. அவை நிரந்தரமாக நீளும் அளவுக்கு முறுக்கப்படுபவை, ஒருமுறைக்கு மட்டுமே. 16 புதிய போல்ட்டுகளை பேரிங்கோடு சேர்த்தே வாங்குங்கள். ஏஆர்பி போன்ற வேறு தயாரிப்பைப் போடுவதானால், அதனுடன் வரும் மசகையும் அதற்குச் சொல்லப்பட்ட முறுக்கும் முறையையும் மட்டுமே பின்பற்றுங்கள். பிடிப்பு விசை மாறினால் ராடின் துளை வட்டத்திலிருந்து சற்றே விலகக்கூடும் என்பதால், அந்தப் போல்ட்டுகளை முறுக்கிய நிலையில் அளப்பது நல்லது.

கேள்வி: பிளாஸ்டிகேஜ் போதுமா, மைக்ரோமீட்டர் வேண்டுமா?

எஞ்சின் காரிலேயே இருக்கும்போது பிளாஸ்டிகேஜ், அதாவது இடையில் வைத்து நசுக்கி அதன் அகலத்தால் இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை, நடைமுறைக்கு ஏற்றது. அதை வைத்து முறுக்கியபின் கிராங்க் ஷாஃப்ட் இம்மியும் நகரக்கூடாது. புதிய போல்ட்டுகளை அளவுக்காக ஒருமுறை முறுக்கி வீணாக்காமல், அந்த வேலைக்குப் பழையவற்றைப் பயன்படுத்துங்கள். நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தால் மைக்ரோமீட்டரும் துளை அளவியும்தான் சரி. ஷெல்லின் பின்புறமும் ராடின் துளையும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மசகு உட்புறத்துக்கு மட்டும்.

கேள்வி: மாற்றியபின் முதல்முறை எப்படிக் கிளப்புவது?

எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த எச்சரிக்கை அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகுதான் எஞ்சின் ஓடலாம். சுமார் 2,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி ஃபில்டரை விரித்துப் பாருங்கள். சுழற்சிமானியின் விளிம்பில் எரியும் விளக்குகள் ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும்; அவை அணைவதற்கு முன், அவை காட்டும் சுழற்சி எல்லையைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய இ46 எம்3. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அதன் 3.2 லிட்டர் எஸ்54 எஞ்சினில் இதே பேரிங் பிரச்சினை எழுந்து, அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான கார்களுக்கு நிறுவனமே பேரிங் மாற்றிக்கொடுத்தது. உங்கள் கார் அந்தக் காலத்தது என்றால், அதற்கு அந்த வேலை நடந்ததா என்று சேவைப் பதிவுகளில் பாருங்கள். நடந்திருந்தாலும் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மீண்டும் திறந்து பார்க்கும் வேளை வந்துவிட்டது.

கேள்வி: நேற்று மாலை முதல் எஞ்சினின் அடியில் தட்டும் சத்தம். சுழற்சி ஏறினால் அதுவும் வேகமாகிறது. பட்டறை 15 கிலோமீட்டர்தான். மெதுவாக ஓட்டிப் போகலாமா?

வேண்டாம். இப்போதே எஞ்சினை நிறுத்துங்கள், சத்தத்தை மறுபடி கேட்பதற்காகக்கூடக் கிளப்பாதீர்கள், காரை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அந்த 15 கிலோமீட்டருக்குள் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துவிடலாம். இப்போது நிறுத்தினால், பிளாக்கையாவது காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது.