போர்க்கால ஆட்டுத்தோல் விமானி ஜாக்கெட் விறைத்துப்போனால் எண்ணெய் பூசலாமா? அணியலாமா?

இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் 1940களைச் சேர்ந்த இர்வின் ஜாக்கெட் (பிரிட்டிஷ் விமானப்படையினர் அணிந்த ஆட்டுத்தோல் மேலங்கி) ஒன்றை வாங்கியிருப்பதாகவும், தோல் விறைத்துத் தோள் தையலோரம் கிழியத் தொடங்கியிருப்பதாகவும், எண்ணெய் பூசி மென்மையாக்கிக் குளிர்காலத்தில் அணியலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகை ஜாக்கெட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெய் பூச வேண்டாம், அணியவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் அந்தத் தோலின் இயல்பிலேயே இருக்கிறது.

1919இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்தபடியே தம் கையால் பாராசூட்டை விரித்துக் காட்டிய லெஸ்லி இர்வின், 1926இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் பாராசூட் தொழிற்சாலை தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த ஜாக்கெட்தான் உங்களிடம் இருப்பது. 25,000 அடி உயரத்தில் வெளிவெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 35 டிகிரிக்கு இறங்கிவிடும். அக்காலக் குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கி மேடையில் அந்தக் குளிர் நேராகவே ஆளைத் தாக்கும். எனவே செம்மறியாட்டுத் தோலை மயிர் நீக்காமல் பதனிட்டு, மயிர்ப்பக்கம் உடலை ஒட்டியும் சதைப்பக்கம் வெளியே தெரியும்படியும் வைத்துத் தைத்து, வெளிப்பக்கத்துக்குப் பழுப்பு நிறப்பூச்சு கொடுத்தார்கள். போருக்கு முன்பும் தொடக்கத்திலும் வந்தவை பெரிய தோல் துண்டுகளால் ஆனவை. தேவை பெருகப் பெருகச் சிறு துண்டுகளையும் வீணாக்காமல் இணைத்ததால், பிற்காலத்தவற்றில் தையல்கள் மிகுதி. முதுகைத் திருப்பிப் பார்த்தாலே ஜாக்கெட் எந்தக் காலத்தது என்பதை ஓரளவு கணிக்கலாம். அமெரிக்க விமானிகளின் பி-3 என்ற ஆட்டுத்தோல் ஜாக்கெட் வேறு வகை. 1934இல் ஏற்கப்பட்ட அதன் மேற்பூச்சு இன்று பெரும்பாலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

செம்மறியாட்டுத் தோலில் கொழுப்பு அதிகம். பதனிடும்போது அது நீங்கிவிடுவதால், தோலின் மேலடுக்குக்கும் அடியடுக்குக்கும் இடையிலுள்ள பிணைப்பு தொடக்கத்திலிருந்தே தளர்வானது. குதிரைத்தோலின் உறுதியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. எண்பது ஆண்டுகளில் ஈரமும் அமிலமும் சேர்ந்து இழைகளையே அறுத்திருக்கும். அறுந்த இழையை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. பூசிய ஓரிரு வாரம் தோல் வளைந்து கொடுப்பதுபோலத் தோன்றும். பிறகு எண்ணெய் தோலைக் கடந்து மயிரில் இறங்கிச் சிக்காக்கும், தூசியை ஈர்க்கும், காலப்போக்கில் காற்றோடு வினைபுரிந்து முன்பைவிடக் கடினமாகும், அல்லது வெண்மையாய் மேலே பூத்துவரும். ஒருமுறை ஊறிவிட்டால் அதை எடுக்க வழியில்லை. விற்பனையாளர்கள் பலரும் தோல் மெழுகு டப்பாவை உடன் கொடுத்து அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வழக்கம்.

கிழிசலை நீங்களே தைக்க முயலாதீர்கள். ஊசி இறங்கும் ஒவ்வொரு துளையும் தபால்தலை ஓரத்துத் துளைவரிசைபோல அடுத்த கிழிசலுக்கு வழி காட்டும். தோல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்கள், பின்னாளில் நீக்கக்கூடிய பசையைக் கொண்டு மெல்லிய துணியையோ ஜப்பானியத் தாளையோ வைத்துக் கிழிசலைத் தாங்கச் செய்வார்கள். அவர்களிடம் கொடுக்கும்வரை ஜாக்கெட்டை மாட்டித் தொங்கவிடாதீர்கள். அதன் முழு எடையும் இப்போது கிழிந்துகொண்டிருக்கும் அதே தோள் தையலில்தான் இறங்குகிறது. அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்கையாக வைத்து, அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டிக் கைகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் நிரப்புங்கள். பரணும் நிலவறையும் ஆகாது; காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஏறி இறங்காமல் இருக்கும் உள்ளறையே நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் நீண்டநாள் மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கலாம்.

தோலுக்குக் காட்டும் அக்கறையை மயிருக்கும் காட்ட வேண்டும். என்னிடமுள்ள ஒரு ஜாக்கெட்டின் காலரை உயர்த்திப் பார்த்தால், கழுத்து உரசிய இடத்தில் மயிர் பழுப்பேறிச் சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டிருக்கிறது. அதற்கு ஒரு விரலளவு தள்ளி, கையே படாததுபோல வெளிர்மஞ்சளாக நிமிர்ந்து நிற்கிறது. அணிந்தவர் விமானத்தில் திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்ததன் தடமாகவே அதைக் கருதுகிறேன். அதை நான் சீவியதில்லை. அந்துப்பூச்சியின் புழு இத்தகைய மறைவான இடங்களைத்தான் தேடும். மயிரின் அடியில் மணல்போன்ற எச்சமோ வலைபோன்ற கூடோ தென்பட்டால், ஜாக்கெட்டைப் பாலித்தீன் உறையில் இறுக மூடி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றிலுள்ள ஈரம் தோலின்மேல் நீராகப் படியும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது.

அணிவதைப் பற்றி: உடலின் வெப்பமும் வியர்வையும் முழங்கையின் ஒவ்வொரு மடக்கலும் எஞ்சிய இழைகளை அறுக்கும். பழைய வடிவத்திலேயே புதிதாகத் தைக்கும் பட்டறைகள் பிரிட்டனில் உள்ளன. குளிருக்கு அவற்றிலொன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் புதிய நகல்களையே பழையனவாக்கி விற்பவர்களும் இருப்பதால், உங்களுடையதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெயர்ப்பட்டையை மட்டும் நம்பக் கூடாது. அதைத் தனியே வாங்கித் தைத்துவிட முடியும். இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் இக்காலத்து நூல் பெரும்பாலும் நீலவெண்மையாக ஒளிரும், பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். ஆனால் கைப்பகுதி ஜிப் மட்டும் புதிதாக இருந்தால் அதற்காகப் போலியென்று ஒதுக்கிவிடாதீர்கள். போருக்குப்பின் இவை மலிவாக விற்கப்பட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் தோளுக்கும் போயின. பழுதான ஜிப்பை அவர்கள் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றமும் ஜாக்கெட்டின் வரலாறுதான். ‘அசல்’ ஜிப் தேடிப் பிடித்துப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு மெழுகுபோலப் படிந்திருந்தால், தோலின் கொழுப்பும் செம்பும் வினைபுரிந்ததால் வந்தது அது. கூர்மையற்ற மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும். ஜிப் இறுகியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.