அமெரிக்க அதிபரால் எது முடியும், எது முடியாது? – கேள்வி பதில்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றம்), அதிபர், நீதிமன்றம் ஆகிய மூன்றும் அதிகாரத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: அதிபரின் கட்சி காங்கிரஸில் பெரும்பான்மையை இழந்தால் ஆட்சி கவிழாதா?

கவிழாது. பிரதமர் ஆட்சியில்தான் அவையின் நம்பிக்கை தேவை. அமெரிக்க அதிபருக்கு 4 ஆண்டுப் பதவி உறுதி. பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கு 2 ஆண்டு, செனட்டின் 100 பேருக்கு 6 ஆண்டு. செனட்டிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே தேர்தல். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேருக்கும் ஆயுட்காலப் பதவி. அதனால் ஒரே தேர்தல் அலையில் எல்லாவற்றையும் ஒரு கட்சி வாரிச் சுருட்டிவிட முடியாது. அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: அதிபர் ஒரு மசோதாவில் கையெழுத்திடாமல் சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும்?

பலர் தடுமாறும் இடம் இது. இரு அவைகளும் ஒரு சொல்கூட மாறாத ஒரே வாசகத்தை நிறைவேற்றிய பிறகுதான் மசோதா அதிபரிடம் போகும். ஞாயிறு நீங்கலாக அவருக்கு 10 நாள் உண்டு. கையெழுத்திட்டால் சட்டம். ஆட்சேபத்தை எழுதித் திருப்பி அனுப்பினால் அது வீட்டோ. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால் வீட்டோவையும் மீறிச் சட்டமாகிவிடும்.

சும்மா வைத்திருந்தால் விடை காங்கிரஸைப் பொறுத்தது. அது கூட்டத்தொடரில் இருந்தால், 10 நாள் முடிந்ததும் கையெழுத்து இல்லாமலே சட்டம். அதற்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மசோதா காலாவதி. இதைப் 'பாக்கெட் வீட்டோ' என்பார்கள். இதை மீற வாக்கெடுப்பே கிடையாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: பிடிக்காத செலவை மட்டும் அடித்துவிட்டு மற்றதை ஏற்க முடியாதா?

முடியாது. அப்படி ஓர் அதிகாரத்தை 1996-இல் காங்கிரஸே சட்டம் போட்டு அதிபருக்குக் கொடுத்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு வரியை நீக்குவதும் சட்டத்தைத் திருத்துவதுதான். திருத்தமும் இரு அவைகளைக் கடந்தே வர வேண்டும். தனக்குள்ள அதிகாரத்தைக் காங்கிரஸ் மனமுவந்து கொடுத்தாலும் செல்லாது என்பதே இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: செனட்டில் 51 பேர் இருந்தால் போதாதா? ஏன் எப்போதும் 60 என்கிறார்கள்?

மசோதாவை நிறைவேற்ற எளிய பெரும்பான்மை போதும். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகத்தான் 60 வேண்டும். இது அரசியல் சட்டத்தில் இல்லை, செனட்டின் சொந்த விதி. வரி, செலவு தொடர்பான 'ரிகன்சிலியேஷன்' மசோதாவுக்கு இந்தத் தடை இல்லை. நியமனங்களுக்கு 2013-லும், உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு 2017-லும் இதைத் தளர்த்திவிட்டார்கள்.

கேள்வி: அரசு 'மூடப்படுவது' எதனால்?

காங்கிரஸ் சட்டத்தால் ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்களோ, தற்காலிக நீட்டிப்போ சட்டமாக வேண்டும். ஆகாவிட்டால் பணம் ஒதுக்கப்படாத துறைகள் வேலையை நிறுத்தியாக வேண்டும். உயிரும் உடைமையும் காக்கும் பணிகள் மட்டும் விதிவிலக்கு: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சம்பளமில்லாமல் வேலை செய்வார். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் நிற்காது, அதற்கு ஆண்டு ஒதுக்கீடு தேவையில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. முடங்கிய நாட்களின் சம்பளத்தைப் பின்னர் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது.

கேள்வி: ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்த முடியாது. அதிபர் நிக்சன் அப்படிச் செய்ததால் வந்ததுதான் 1974-ஆம் ஆண்டுச் சட்டம். ஒதுக்கீட்டை ரத்து செய்யும்படி அதிபர் காங்கிரஸைக் கேட்கலாம். கூட்டத்தொடர் நடக்கும் 45 நாளுக்குள் இரு அவைகளும் சம்மதிக்காவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும்.

கேள்வி: நிர்வாக ஆணை போட்டால் காங்கிரஸைச் சுற்றிப்போய்விடலாமே?

ஆணைக்கு வேர் வேண்டும்: ஒரு சட்டம், அல்லது அரசியல் சட்டம் அதிபருக்குத் தந்த அதிகாரம். கொரியப் போரின்போது, 1952-இல், வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடுமென்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை 6-3 என்று தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: காங்கிரஸ் சம்மதித்த இடத்தில் அதிபருக்கு அதிகாரம் உச்சம், காங்கிரஸ் பேசாத இடம் மங்கல், காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிரான இடத்தில் மிகக் குறைவு. ஓர் ஆணை வழக்கில் நிற்குமா என்று அறிய, அது எந்தச் சட்டப் பிரிவைச் சுட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மறந்துவிடாதீர்கள், அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் அதைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: 'இம்பீச்' செய்யப்பட்ட அதிபர்கள் ஏன் பதவியில் தொடர்ந்தார்கள்?

இம்பீச்மென்ட் குற்றச்சாட்டு மட்டுமே. அதற்குப் பிரதிநிதிகள் சபையில் எளிய பெரும்பான்மை போதும். நீக்கச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார்.

கேள்வி: மத்திய அரசு சொன்னதை மாநிலங்கள் செய்தே ஆக வேண்டுமா?

மத்தியச் சட்டம் செல்லுபடியானால் மாநிலச் சட்டம் அதற்கு அடங்கும். ஆனால் மாநில அதிகாரிகளை வேலை வாங்க முடியாது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் காவல் அதிகாரி சரிபார்க்க வேண்டும் என்ற விதி 1997-இல் இப்படித்தான் விழுந்தது. அதனால் மத்திய அரசு பணத்தைக் கொண்டு பேரம் பேசுகிறது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் சிறு பங்கைப் பிடித்துவைப்பதை 1987-இல் நீதிமன்றம் ஏற்றது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காவிட்டால் ஏற்கெனவே தரும் மெடிக்கெய்டு நிதி முழுவதும் போய்விடும் என்ற மிரட்டலை 2012-இல் ஏற்கவில்லை; அது கட்டாயப்படுத்துவது என்றது. அதன் பிறகே விரிவாக்கம் ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பமாயிற்று.