திரும்பி வரும் தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்குப் போகிறவர்களுக்கு 11 ஆண்டுகளாக மாலை நேரத்தில் எக்செல்லும் அடிப்படைக் கணக்கியலும் கற்பிக்கிறேன். இப்போது எல்லாமே ஆன்லைன். ஆறு மாதத்துக்கு முன் கற்போர் மையக் கற்பித்தல், அதாவது ஆசிரியரைவிடக் கற்பவரை மையமாக வைத்துக் கற்பிப்பது, பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தேன். அதன்பின் விரிவுரையைக் குறைத்துக்கொண்டேன். முதல் நாளே, “உங்களுக்கு என்ன கற்க வேண்டும்? பாடத்திட்டத்தை நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 34 பேரில் 30 பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். ஒருவர் எல்லா வகுப்பிலும் இருபதாவது நிமிடத்தில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். சிறு குழுக்களாகப் பிரித்தால் அங்கேயும் மௌனம். கிணற்றுக்குள் பேசுவதுபோல இருக்கிறது. முன்பு நானே பேசிக்கொண்டிருந்தபோது பின்னூட்டப் படிவத்தில் பாராட்டு குவியும். இப்போது “ஆசிரியர் எதுவும் நடத்துவதில்லை” என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் தங்கள் கற்றலைத் தாங்களே நடத்திக்கொள்வார்கள் என்று முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் சொன்னது பொய்தானா? கேமராவைக் கட்டாயமாக்கலாமா? காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று பிரித்துப் பார்க்கட்டுமா? புள்ளிகள், பேட்ஜ் தரும் நல்ல மென்பொருள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மீ.

*

அன்புள்ள மீ.,

உங்கள் கடிதம் நள்ளிரவு தாண்டி வந்திருக்கிறது. வகுப்பை முடித்த கையோடு எழுதியிருப்பீர்கள் போல. பாராட்டு வந்துகொண்டிருந்த ஒரு முறையை விட்டுவிட்டு, திட்டு வாங்கித்தரும் ஒன்றை ஆறு மாதம் விடாமல் செய்து பார்த்திருக்கிறீர்கள். எல்லா ஆசிரியருக்கும் அந்தத் துணிச்சல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி கொஞ்சம் திட்டப்போகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும் அறையில் விளக்கை அணைத்து உட்கார்ந்திருப்பவரின் முகம் உங்களுக்கு எதற்கு? காட்சிவழி, செவிவழிப் பிரிவினை: இருக்கிற ஆய்வுகளை உளவியலாளர் பாஷ்லரும் சகாக்களும் 2008ல் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிடுங்கள். பேட்ஜ் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது வயதுக்காரரின் நோட்டில் நட்சத்திரம் ஒட்டத்தான் வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நோல்ஸ் பொய் சொல்லவில்லை. நீங்கள் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். 1970ல் வந்த அவருடைய புத்தகத்தின் துணைத்தலைப்பில் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறையும் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறையும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. 1980ல் திருத்திய பதிப்பு வந்தபோது அந்த ‘எதிராக’ என்ற சொல்லை அவரே எடுத்துவிட்டார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது என்று மாற்றினார். துறைக்குப் புதிதாக வரும் பெரியவருக்கு ஆரம்பத்தில் கை பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். உங்கள் பயிற்சியில் 1970ஐ மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அந்த முதல் நாள் கேள்வி. “உங்களுக்கு என்ன கற்க வேண்டும்?” கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆனால் நீண்ட பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்ட எக்செல்லில் பைவட் டேபிள் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், எனக்குப் பைவட் டேபிள் வேண்டும் என்று எப்படிக் கேட்பார்? தெரியாததைப் பட்டியல் போடச் சொல்கிறீர்கள். அதையும் முன்பின் தெரியாத 33 பேர் முன்னால். அவர் பணம் கட்டி வந்ததே, எதை முதலில் கற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பொறுப்பை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு, அதற்குக் கற்போர் மையம் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். ஆசிரியர் எதுவும் நடத்துவதில்லை என்று அவர்கள் எழுதியதில் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதியில் இல்லை. 2019ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தேர்ந்த விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே கணக்கைப் போட்டுத் திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் திணறியவர்களே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். நீங்கள் தடங்கலில்லாமல் பேசிய பழைய நாட்களில் வந்த பாராட்டை நினைத்து ஏங்குகிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். அந்தப் படிவத்தைச் சில மாதம் பார்க்காமல் இருங்கள்.

நானும் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டேன். அலுவலகக் கடிதம் எழுதுவது பற்றி ஓர் ஆன்லைன் வகுப்பு எடுத்தேன், பன்னிரண்டு பேர், வாரம் ஒரு மாலை. அதில் ஒரு பெண்மணி இருபது வருடத்துக்கு மேல் அலுவலக வேலையில் இருந்தவர். கேமரா கிடையாது, பேச்சு கிடையாது. மூன்றாவது வாரம் நான் கொடுத்த பயிற்சியையும் அனுப்பவில்லை. கற்பனையான ஒரு வாடிக்கையாளருக்குக் கற்பனையான ஒரு கடிதம், அவ்வளவுதான் பயிற்சி. எழுதிப் பழகாமல் எழுத்து வராது என்று கொஞ்சம் காரமாகவே மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. பெயர்களை அழித்துவிட்டு ஒன்பது கடிதங்களை இணைத்திருந்தார். “இவை நான் இந்த வாரம் எழுதியவை. இதற்குமேல் ஒரு கற்பனைக் கடிதம் எழுத எனக்கு நேரமில்லை.”

வெட்கமாகிவிட்டது. சரி, படித்தேன். பாக்கி கேட்டு எழுதிய கடிதங்கள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. முதல் வரியிலேயே தொகை, இரண்டாவது வரியில் தேதி. மன்னிப்புக் கடிதங்கள்தான் இடறின. “தவறு நேர்ந்துவிட்டது”, “தாமதம் ஏற்பட்டுவிட்டது”. எல்லாம் செய்த ஆள் இல்லாத வாக்கியங்கள். எட்டாவது வாரத்துக்கு நான் வைத்திருந்த பாடமே அது! ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டு, “யார் செய்த தவறு?” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். நல்ல ஆசிரியன் என்ற பெருமையோடு. அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “எங்கள் தவறுதான். ஆனால் அப்படி எழுத எனக்கு அதிகாரமில்லை.”

இலக்கணம் தெரியாமல் அவர் அப்படி எழுதவில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறார். முதல் நாளில் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் “நன்றாகக் கடிதம் எழுத வேண்டும்” என்றுதான் சொல்லியிருப்பார். அவர் நிஜமாக மாட்டிக்கொண்டிருந்த இடம், அவர் கடிதமும் என் கோடும் அவர் பதிலும் போய்வந்த பிறகுதான் இரண்டு பேருக்குமே தெரிந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு அதையே நாலாவது வாரப் பாடமாக வைத்தேன்: தவறை ஒப்புக்கொள்ள அதிகாரமில்லாதவர் நேர்மையாக மன்னிப்புக் கேட்பது எப்படி? அன்று வகுப்பு அரை மணி நேரம் கூடுதலாகப் போனது, ஆளாளுக்குப் பேசினார்கள். பாதிப் பேரின் கேமரா அன்றும் அணைந்துதான் கிடந்தது.

இது புதிய வித்தையும் இல்லை. பிரிட்டனில் 1840ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று ஆனதும், ஐசக் பிட்மன் என்பவர் தாமே உருவாக்கிய சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்பித்தார். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள், அது திருத்தப்பட்டுத் திரும்பிப் போகும். முகம் தெரியாது, குரல் தெரியாது. போன தாள் திருத்தத்தோடு திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஆன்லைன் படிப்புகள் பலவற்றில் காணொளி உண்டு, வினாடிவினா உண்டு, சான்றிதழ் உண்டு. நாம் எழுதியதை ஒரு மனிதர் படித்துப் பதில் போடுவது மட்டும் இல்லை. ஏனென்றால் அது செலவு பிடிக்கும். உங்களுக்கு நிஜமாகவே நேரம் பிடிக்கும். 34 பேர் என்றால் ஒரே வாரத்தில் முடியாது. வாரம் ஆறு பேர் என்று சுற்றில் விட்டால் ஆறு வாரத்தில் எல்லாரையும் ஒருமுறை படித்துவிடலாம். பேசும் நேரத்தை வெட்டினீர்களே, அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன். விரிவுரைக்குத் திரும்பலாமா என்பதுதானே உள்ளே இருக்கிற கேள்வி? தாராளமாகப் பேசுங்கள், பத்து நிமிடம், தெளிவாக, ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டி. அதன்பின் ஒவ்வொருவரிடமும் அவர் அலுவலகத்தில் தினம் மல்லுக்கட்டுகிற எக்செல் கோப்பு ஒன்றைக் கேளுங்கள். பெயர்களை அழித்து, தொகைகளை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், அந்த இருபதாவது நிமிடக்காரர். ஏன் கிளம்புகிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். முதல் ஆறு பேரில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பு வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.