கீமோ நடக்கும்போது கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். முள் சீத்தா இலைக் கஷாயம், சீந்தில் பொடி, மஞ்சள் கேப்சூல் எல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கீமோ முடியும் வரை மூன்றுமே வேண்டாம்.

பாக்லிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை, கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறினால், காரணம் மருந்தா பொடியா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. கீமோ மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது அடுத்த ஊசியைத் தள்ளிவைப்பார். உண்மையான நஷ்டம் அதுதான்: பலன் தரும் மருந்து நேரத்துக்கு உள்ளே போகாது.

முள் சீத்தாவில் அனோனாசின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. பாக்லிடாக்சலே விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். அதன்மேல் இது எதற்கு? அந்த இலைச் சாறு ஆய்வுக்கூடத்தில் புற்றுசெல்களைக் கொன்றது உண்மை. மனிதருக்கு நோயைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை.

மஞ்சள் கேப்சூல்கள் பலவற்றில் மிளகுச் சத்தான பைப்பரின் சேர்ந்திருக்கும். மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளை அது மந்தப்படுத்தக்கூடும். குழம்பில் போடும் மஞ்சளுக்கும், கால் டீஸ்பூன் போட்ட மஞ்சள் பாலுக்கும் பயப்பட வேண்டாம்; அது சாப்பாடு.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். டப்பாவையே எடுத்துப்போய், எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்று முக்கியம்: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும்.

கேள்வி: குமட்டலுக்கு அக்குபிரஷர் உதவுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓரளவு உதவும், ஆபத்தும் இல்லை. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். டாக்டர் தந்த வாந்தி மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. ஊசி குத்தும் அக்குபஞ்சர் வேறு விஷயம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போதும், அக்குள் நெறிக்கட்டி எடுத்த கையிலும் அது வேண்டாம்.

கேள்வி: வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?
- வாசகி, ஈரோடு

பதில்: 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தைச் சட்டென ஊசியாகப் போடுபவர்களுக்குப் பலன் உண்டு. ஊசிக்கு 5 நிமிடம் முன்பே தொடங்கி, மொத்தம் 30 நிமிடம் ஐஸ் துண்டுகளை வாயில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகப் போகும். கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் ஏறுகிறதென்றால் ஐஸைத் தொடவே வேண்டாம். தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் ஆகிவிடும். அவர்கள் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து, தினமும் பலமுறை கொப்பளித்தால் போதும்.